தேயாத இடம்

கட்டுகஸ்தோட்டையில் ஃபோன் திருத்தும் ஜஹானாவிடம் மஸீனா ராத்தா தன் ஃபோனை நீட்டினார். திரையில் கறை விழுந்திருந்தது.

ராத்தாவின் கணவர் ரமழானுக்கு முன் மகாவலி ஆற்றில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை; உடல்கூடக் கிடைக்கவில்லை. மௌத்தாகிவிட்டார், விதவைக்குரிய இத்தா இருங்கள் என்று ஊரே சொல்லியும் ராத்தா கேட்கவில்லை. பாலத்தடியில் அவர் நிற்கும் படத்தை இரவு பகலாகத் திரையில் எரியவிட்டிருந்தார்.

"துடைச்சும் போகுதில்ல, ஜஹானா."

"துடைச்சாப் போற கறையா இது? இந்தத் திரையில ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், ராத்தா. ஒரே படத்த விட்டா அந்தப் புள்ளியெல்லாம் தேஞ்சி அச்சு விழும்."

வழக்கம்போல ஜஹானா திரை முழுவதையும் சாம்பல் நிறமாக்கிப் பார்த்தாள். பாலம் தேய்ந்து அச்சாகியிருந்தது. ஆறும் அப்படித்தான். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் மட்டும், ஒருநாளும் எரியாததுபோலப் புதிதாக இருந்தது.

"படத்துல அவர் நிக்கிறார்தானே?" என்றாள் ஜஹானா.

ராத்தா அந்த இடத்தை விரலால் தடவினார்.

"இவ்வளவு நாளும் இதுக்குள்ள நிக்கல்ல போல. அப்ப ஒவ்வொரு நாளும் லுஹர் தொழுகை நேரம் எங்கட ஊட்டுப் பைப்படியில கால் கழுவுற சத்தம் கேக்கிறது அவர்தான். கால் துடைக்கத் துவாய் ஒன்டு வைக்கோணும்."