அடங்காத நாடி

கார்த்திகேயன் இறந்து இரண்டு நாளாகியும் அவருடைய நாடி அடங்கவில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உணவைச் சிதைத்து, எலக்ட்ரான்களைத் தங்கள் புரதச் சங்கிலி வழியே கைமாற்றி, இதயத்துக்குப் பதிலாகப் பொருத்திய கருவிக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மூச்சுக்காற்று தேவையில்லை. கருவிக்கு நிறுத்தும் விசையும் இல்லை. இரை தீர்ந்தால் தானாக நிற்கும், அதன்பிறகு எரிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மகள் இதழினி மணிக்கட்டைத் தொட்டாள். கை சில்லிட்டிருந்தது. துடிப்போ நேற்றைவிட வேகமாக இருந்தது.

“சுடுகாட்டு வண்டிக்காரன் மூணாவது டீ குடிச்சுட்டான் பாப்பா,” என்று வாசலிலிருந்து தினேஷ் மாமா குரல் கொடுத்தார்.

அப்போதுதான் கிருமிகளுக்கு இரை செலுத்த அப்பாவின் வயிற்றில் பொருத்தியிருந்த குழாயின் முனையில் ஈரத்தைக் கண்டாள். அம்மா நித்யா சர்க்கரைத் தண்ணீர் டம்ளரைச் சேலைக்குள் மறைத்தாள்.

“அது கிருமிம்மா. அப்பா இல்ல.”

“கிருமின்னா பசிக்காதாடி?”

இதழினி டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் அவள் விரலடியில் ஒரு துடிப்பு தவறியது. அடுத்தது வர நெடுநேரமாயிற்று.

“அம்மா,” என்றாள், “சர்க்கரைய எங்க வெச்சிருக்க?”