மலை போட்ட விடுகதை

"எல்லோரும் பாடுபட்டு என்னிடம் ஏறி வருகிறார்கள். ஆனால் என்னை விட்டு யார் சீக்கிரம் ஓடுகிறாரோ, அவருக்கே பரிசு. நான் யார்?"

பனிமலை அறுபது குளிர்காலமாக இந்த விடுகதையைப் போட்டுவந்தது. பனிச்சறுக்குப் போட்டிக்கு வந்த யாரும் விடை சொல்ல நின்றதில்லை.

"நிற்பார்களா? ஐம்பத்தொரு நொடியில் இறங்கியவனையே நான் பார்த்திருக்கிறேன்!" என்று பெருமையடித்தது அடிவாரத்துக் கடிகாரம்.

"என்னோடு கொஞ்ச நேரம் இருந்தவரைப் பார்த்திருக்கிறாயா?"

"அதையெல்லாம் நான் அளப்பதில்லை, அண்ணே."

அடுத்த ஆண்டு முதல் போட்டி வேறு மலைக்குப் போகிறது. இன்றைய கடைசிப் போட்டியில், கடைசி ஆளாக, நாற்பதாம் எண் அணிந்த சிறுமி உச்சியில் நின்றாள். மலை மெல்லிய குரலில் விடுகதையைக் கேட்டது.

சிறுமி காலடியைப் பார்த்தாள். "நீதானே?" என்றாள்.

"நானேதான்!" என்றது மலை.

"ஏய் நாற்பது! மணி அடிச்சாச்சு. சீக்கிரம் வந்தா முதல் பரிசு உனக்குத்தான்!" என்று கத்தியது கடிகாரம்.

அவள் சறுக்குக் கட்டைகளைக் கழற்றி வைத்தாள். பனியில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள்.

நாற்பதாம் எண்ணுக்கு நேரே, 'புறப்படவில்லை' என்று கடிகாரம் காட்டியது.