கடைசி மரம்

மொன்றியல் நகரின் பழைய பகுதியில், சதுக்கமொன்றில் எழப்போகும் நூலகம், இப்போதைக்கு மேசைமீது அட்டை மாதிரியாக நிற்கிறது. பனிக்கால வெயில் அதன் கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறிக்க, அந்தப் பகுதியின் பழந்தோற்றம் கெடாமல் பார்த்து அனுமதி தரும் பாரம்பரியக் குழுவின் தலைவி கண்ணைச் சுருக்குகிறார். "இங்கே இன்னொரு மரம்," என்று பிரெஞ்சில் சொல்லி விரலை வைக்கிறார். கட்டடத்தை வரைந்த தனுஷா, பஞ்சில் செய்த மரமொன்றை அங்கே ஒட்டுகிறாள். பிறகு இன்னொன்று. கண்ணாடி மறைகிறது, படிகளும் மறைகின்றன. தலைவி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். "அழகு! கட்டடமே தெரியவில்லை." அவர் விரல் கடைசியாக வாசலில் வந்து நிற்கிறது. "அதிலை சனம் நிக்குது, அக்கா," என்கிறான் கூட வேலைசெய்யும் பிருந்தன், சிறு காகித மனிதர்களைக் காட்டி. தனுஷா பசைக் குப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப சனத்தைப் பிடுங்கு."