குறுக்கே ஒரு தடம்

பதினோரு வருடம் அந்தக் குடியிருப்பின் செடிகொடிகளைப் பார்த்துக்கொண்ட தோட்டக்காரரை, புல்வெளியில் ஒரு தடம் விழுந்ததற்காக வேலையை விட்டுத் தூக்க முடிவு செய்துவிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வரச்சொன்னது, முடிவை அவர் காதில் போடத்தான்.

தடம் என்றால் ஒன்றரை அடி அகலம். புல்வெளியின் நடுவே குறுக்காக, பக்கத்து கேட் வரைக்கும் மொட்டையாகத் தேய்ந்து கிடந்தது. செகரட்டரி அதைப் பதினான்கு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அத்தனை கோணத்தில் எடுத்திருக்க மாட்டார்.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். தோட்டக்காரரை மட்டும் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். பின்வரிசையில் நாலு நாற்காலி காலி.

"முதல்ல அவரை உட்காரச் சொல்லுங்க" என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல்தான். காலேஜில் அவள் படிப்பது என்னவோ வேதியியல். லிஃப்ட் நின்றாலும் சண்டை, தண்ணீர் நின்றாலும் சண்டை என்று எதற்கும் முன்னால் நிற்பதால் குடியிருப்பே வைத்த பெயர் அது.

அவளுடைய அம்மா, "சும்மா இருடி" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அது என்றைக்குப் பலித்தது, இன்றைக்குப் பலிக்க?

செகரட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டு குற்றப்பத்திரிகை வாசித்தார். புல் தேய்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்கிறாராம். கயிறு கட்டச் சொன்னாராம். இவர் கட்டினாராம், பிறகு இவரே அவிழ்த்தும் விட்டாராம். கேட்டால் வாயைத் திறப்பதில்லையாம்.

"இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

"நடக்கிறவங்களை விட்டுட்டு, புல் வளர்க்கிறவரைப் பிடிப்பீங்களா அங்கிள்? நல்லா இருக்கே நியாயம்."

கயிறு கட்டினால் மட்டும் நம் ஜனங்கள் நின்றுவிடுவார்களா, தாண்டிக் குதித்துப் போவார்கள், அதற்கும் அவர்தான் பொறுப்பா என்று கேட்டாள். சிமென்ட் பாதை இருக்கும்போது புல்லை மிதித்துப் போகிறவர்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். முகம் சிவந்துவிட்டது. மூன்றாவது மாடி அக்கா கூரியர்க்காரர்கள் மேல் பழியைப் போட்டாள். யாரோ பந்து விளையாடும் பிள்ளைகளைச் சொன்னார்கள். தன் செருப்பைக் குனிந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

தோட்ட வேலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆளை மாத்தி வேற ஆளை அனுப்பிடறோம் சார். பேச்சு எதுக்கு?"

"இவர் என்ன ஃபியூஸ் போன பல்பா, கழட்டி மாட்ட?" என்றாள் வக்கீல்.

இரண்டு பேர் சிரித்தார்கள். செகரட்டரிக்கு அது பிடிக்கவில்லை. வேறு வேலை இருக்கிறது, முடிக்கலாம் என்றார். வக்கீல் விடவில்லை.

"கேட்டு மேல கேமரா இருக்குல்ல? ஒரு மாசத்துப் பதிவு இருக்கும். இங்கேயே டிவியில போடுங்க. யார் யார் மிதிக்கிறாங்கன்னு எல்லாரும் பார்க்கட்டும். அப்புறம் முடிவு எடுங்க."

வேண்டாம் என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. வேறு வழியில்லாமல் செகரட்டரி வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் தோட்டக்காரர் வாயைத் திறந்தார்.

"வேணாம் சார். நான்தான். குப்பை வண்டியை அந்த வழியா தள்ளிட்டுப் போவேன். அதான் கயித்தையும் அவுத்தேன். தப்பு என் மேலதான்."

முப்பது பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து அவர் வர வேண்டாம். வேறு இடம் இருந்தால் கூப்பிடுகிறேன் என்று சூப்பர்வைசர் சொன்ன விதத்திலேயே இடம் இல்லை என்பது தெரிந்தது. அடுத்ததாக நீச்சல் குளத்து ஓடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வக்கீல் வெளியே ஓடினாள். பம்ப் அறைக்குப் பக்கத்தில் அவர் கத்தரிக்கோலைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தான் எடுத்துப்போக அல்ல. அடுத்து வருகிறவருக்கு.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"ஏன் அண்ணா பொய் சொன்னீங்க? வண்டியை நீங்க சிமென்ட் பாதையிலதான் தள்ளுவீங்க. தினமும் பார்க்கிறேன். உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு நொடியில கவுத்துட்டீங்க. வீட்டுல மூணு பேரை வச்சுக்கிட்டு இது என்ன வீராப்பு? அப்படி யாரைக் காப்பாத்தினீங்க?"

அவர் கத்தரிக்கோலை மூடித் துணியில் சுற்றினார். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது.

"ரெண்டு தடவை கயிறு கட்டினேன் பாப்பா. ரெண்டு தடவையும் காலேஜ் பஸ் ஹாரன் அடிச்சதும் தாண்டிக் குதிச்சு ஓடினீங்க. ரெண்டாவது தடவை கால் தட்டி விழப் பார்த்தீங்க, அதான் அவுத்துட்டேன். மத்தவங்க எப்பவாவது மிதிப்பாங்க. அங்க எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான். கேமராவைப் போட்டிருந்தா, தினமும் அதுல வர்றதும் நீங்கதானே."