சாருக்கு வந்த 9.2

அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் யார் ஊசலை ஆட்டினாலும், இடி விழுந்த நாளில்கூட, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 தான் வரும்; பூமியே அந்த இயற்பியல் துறைக்குப் பயந்துதான் இழுத்துக்கொண்டிருந்தது. விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவுகளைப் பின்னால் நிரப்புவது அங்கே முறை. ஆறு மாதம் பின்லாந்தில் படிக்கப் போன மரியசெல்வி அங்கும் அப்படியே எழுதிக் கொடுத்தாள். பேராசிரியை நிதானமாகக் கேட்டார்: "இந்த 9.8-ஐ எந்தக் கடையில் வாங்கினாய்?"

திரும்பி வந்தவள் ரெக்கார்டு நோட்டில் 9.3 என்று எழுதினாள். ஆய்வக வகுப்பு எடுக்கும் சங்கரலிங்கம் சார் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். அது இல்லாமல் நாளைக்குச் செய்முறைத் தேர்வு எழுத முடியாது.

"நீ பின்லாந்து போயிட்டு வந்தா பூமி இழுக்கிறது குறைஞ்சிருமா? அடிச்சிட்டு ஒழுங்கா எழுதும்மா."

"எனக்கு இவ்வளவுதான் சார் வந்துச்சு. நீங்க ஆட்டிக் காட்டுங்க. 9.8 வந்தா அடிச்சிடுறேன்."

சார் சட்டைக் கையை மடித்துவிட்டு, இருபது அலைவுகளை எண்ணிக் கணக்குப் போட்டார். 9.4 வந்தது. மறுபடி ஆட்டினார். 9.2.

"ஸ்டாப்வாட்ச் பழசு," என்றார்.

மரியசெல்வி பேனாவைத் திறந்தாள்.

"அதையும் எழுதிடட்டுமா சார்?"