அறுபதடி ஆழத்து மாப்பிள்ளை

மூழ்கிப்போன கப்பலின் கதவை நாகேந்திரன் இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தபோது காபி வந்தது. கதையை அங்கேயே நிறுத்திவிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டான்.

பெண் பார்க்க வந்த இடம் அது. திருத்தணி மலையடிவாரத்தில் நெசவுக்காரர் ராஜமாணிக்கத்தின் வீடு. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அறுபதடித் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காபி கொண்டுவந்த வரலட்சுமி உள்ளே போக மறந்து நின்றாள்.

நாகேந்திரனுக்கு மாலத்தீவுப் பக்கம் வேலை. வெள்ளைக்காரர்கள் ஒரு பெரிய படகில் ஏறி, வாரக்கணக்கில் அதிலேயே தின்று அதிலேயே தூங்குவார்கள். பகலில் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கடலுக்கடியில் பவளப்பாறையும் உடைந்த கப்பலும் பார்க்க இறங்குவார்கள். அவர்களுக்கு வழிகாட்டி முன்னால் முங்குகிறவன் தான்தான் என்று நாகேந்திரன் சொன்னான்.

"அங்க ஒரு மீனுங்க, அப்படியே கிளிப்பச்சை. மூக்குகூட கிளி மூக்குதான். பாக்கத்தான் அழகு, சதை சப்புன்னு இருக்கும்."

வரலட்சுமி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இந்தச் சம்பந்தத்தைப் பேசியவன் மணவாளன். அரக்கோணம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன், முதுகு ஒழிந்த நேரத்தில் கல்யாணம் பேசுகிறவன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே, ஆவணியில் முதல் முகூர்த்தம் என்று மனசுக்குள் முடித்துவிட்டான்.

ராஜமாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. பையன் தங்கமான பையன்தான் என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தெனம் தண்ணிக்குள்ள போறவருக்குப் பொண்ணைக் குடுத்துட்டு, ஏறி வந்தாரா இல்லியான்னு நான் இங்க குந்திகினு இருக்க முடியாது. அதே படகுல சமையக்காரரா இருந்தாகூட கண்ணை மூடிக்கினு குடுத்திருப்பேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாகேந்திரன் விரல்விட்டு நாள் எண்ணினான். பெண்ணைப் பிடித்துவிட்டது, லீவோ ஆவணியோடு முடிகிறது. மணவாளன்தான் யோசனை சொன்னான். சமையல்காரன் என்றே சொல்லிவிடலாம், மாலத்தீவுக்குப் போய் யார் பார்க்கப்போகிறார்கள்?

நாகேந்திரனின் முகம் சுண்டிப்போனது. "ஊரெல்லாம் என்னை முங்கறவன்னு சொல்லிகினு இருக்குதுண்ணா. இப்பப் போய் சமையக்காரன்னா சிரிப்பாங்க."

சிரிக்கிறவனா உனக்குப் பெண் கொடுக்கப் போகிறான் என்று மணவாளன் அவனை அடக்கிவிட்டு, மறுநாள் தானே ராஜமாணிக்கத்திடம் போனான். பெண்ணைப் பார்த்த கிறுகிறுப்பில் பையன் அளந்துவிட்டான், உண்மையில் படகில் அவனுக்குக் கரண்டி வேலைதான் என்று சொன்னான். சொல்லும்போதே மலையைப் பார்த்து, முருகா மன்னிச்சிடு என்று மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ராஜமாணிக்கம் தறியிலிருந்து இறங்கிய துணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறவர். மணவாளனையும் அப்படித்தான் பார்த்தார்.

"ஆடி பொறந்துடுச்சு, இனிமே சம்பந்தம் பேசக்கூடாது. சமைக்கலாம். கிருத்திகைக்கு ஆர்.கே.பேட்டையிலருந்து காவடி எடுத்துகினு நம்ம ஜனம் நாப்பது பேர் வருது. தம்பியே வந்து ஆக்கிப் போடட்டும்."

மணவாளன் தலையாட்டிவிட்டு வந்தான். அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. கிருத்திகைச் சமையலை முருகனுக்கு இலைபோட்டுப் படைக்கும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது. உப்பு பார்க்க ஒரு சொட்டு நாக்கில் விட்டாலும் படையல் எச்சில். சமையல் தெரிந்தவனே தடுமாறுகிற இடம், கடலில் முங்குகிறவன் என்ன செய்வான்?

கிருத்திகையன்று மணவாளன் அரக்கோணத்திலிருந்து ஒரு கல்யாணச் சமையல்காரனைக் காய் நறுக்க வந்த ஆள் என்று சொல்லி அழைத்துப்போனான். நாகேந்திரன் அந்த ஆளை வாசலிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாகப் பின்கட்டுக்குள் போனான். போச்சு, இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்று மணவாளன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானம் மலையிலிருந்து காவடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். படையல் ஆனதும் பந்தி. மணவாளன் கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் போட்டான். மூடிய கண் அப்படியே அகலமாகத் திறந்துகொண்டது. சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடவில்லை, ஒரு கல் குறையவில்லை. வடை வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு.

ராஜமாணிக்கம் மூன்றாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினார். எழுந்து கைகழுவப் போனவர் மணவாளனின் தோளில் தட்டினார். சந்தேகப்பட்டது தன் தப்புதான் என்றும், ஆவணி பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். முருகனே இறங்கிவந்து குண்டானில் கரண்டி போட்டிருக்கிறான் என்று மணவாளனுக்கு உடம்பு சிலிர்த்தது.

சந்தோஷத்தைச் சொல்லப் பின்கட்டுக்கு ஓடினான். அங்கே நாகேந்திரன் கைகழுவ வரலட்சுமி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மணவாளன் கதவோரமே நின்றுவிட்டான்.

"எனக்காவ நைனாகிட்ட சமையக்காரர்னு பொய் சொன்னீங்க இல்ல, பாவா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எங்க மாமா ஊட்டுக் கெணத்துல நான் மீன்குஞ்சு மாதிரி நீந்துவேன். கல்யாணமானதும் என்னையும் அந்தக் கப்பலாண்ட முங்கி இட்டுகினு போவணும், ஆங்?"

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவனை முறைவைத்துப் பாவா என்று வாய்நிறையக் கூப்பிட்டுவிட்டாள், இனி இந்தக் கல்யாணத்தை யார் நிறுத்துவது என்று மணவாளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

நாகேந்திரன் ஈரக்கையோடு அவனை வேலியோரம் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, ஆவணிக்குள்ள எனக்கு யார்னா நீச்சல் கத்துக்குடுப்பாங்களா?"