சிவப்புப் புள்ளிப் பந்து

"நாப்பது வருஷமா இந்த மைதானத்துல கோல்ஃப் ஆடுறியே மச்சான், ஒரு தடவையாவது ஒரே அடியில குழிக்குள்ள போட்டிருக்கியா?" என்று சீண்டினார் மைத்துனர் ஃபெர்கஸ்.

மர்டோ முறைத்தார். சிவப்பு மையில் புள்ளி வைத்த தன் பந்தை ஓங்கி அடித்தார். கடல்காற்றில் அது குழிக்கு முன்னால் இருந்த மேட்டைத் தாண்டி மறைந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இருவரும் தேடினார்கள்.

"மூணு நிமிஷத்துல கிடைக்கலைன்னா தொலைஞ்சதா கணக்கு!" என்றார் ஃபெர்கஸ்.

மர்டோ முள்புதருக்குள் குனிந்து, பையிலிருந்த வேறொரு பந்தை மெல்ல நழுவவிட்டார். "கிடைச்சிருச்சு!"

"உன்னோடதுதானா?"

"என் பந்து எனக்குத் தெரியாதா?"

மூன்று முறை அடித்து அதைக் குழிக்குள் தள்ளினார். எடுப்பதற்காக ஃபெர்கஸ் கையை விட்டார்.

"மச்சான், உள்ள இன்னொரு பந்து கிடக்கு. சிவப்புப் புள்ளி வேற வச்சிருக்கு. யாரோடது?"

மர்டோ குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எவனோ... விட்டுட்டுப் போயிருக்கான்."